பெட்டித் தோட்டமும் திட்டு நோட்டும்

மூன்று நோட்டுகளிலும் ஒரே வரிதான் இருந்தது.

'செடி நன்றாக இருக்கிறது.'

முதல் வாரமும் அதேதான். ஐந்தாம் வாரமும் அதேதான். தையல் அத்தையின் நோட்டில் மட்டும் ஒரு சின்ன மாறுதல். மூன்றாம் வாரம், 'செடி மிக மிக நன்றாக இருக்கிறது' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் வரைந்திருந்தார்.

அம்மா நோட்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"எனக்கே நம்ப முடியல. ஒரு குறைகூடவா இல்ல?"

"நீ செஞ்சா அதுல குறை எப்படி இருக்கும்?" என்றார் அப்பா, பாத்திரம் தேய்த்துக்கொண்டே. அம்மா எதைச் செய்தாலும் அப்பாவுக்குப் பிடிக்கும். ஒருமுறை அம்மா செய்த தானாக மூடும் கதவு அவர் மூக்கில் இடித்தது. அப்போதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேகம்!" என்றுதான் பாராட்டினார்.

மேசைக்கு அடியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த தந்தி மட்டும் வாயைத் திறக்கவில்லை. இது அவளுக்குப் பழக்கமே இல்லாத காரியம்.

தந்தி என்பது அவளுடைய பட்டப்பெயர். அப்பா வைத்தது. அந்தக் காலத்தில் அவசரச் செய்தி அனுப்பத் தந்தி என்று ஒன்று இருந்ததாம். இந்தக் காலத்தில், அந்தக் கட்டடத்தின் நான்கு மாடிகளுக்கும் அந்த வேலையைப் பத்து வயதுப் பெண் ஒருத்தி செய்துவந்தாள். நான்காம் மாடியில் அப்பா தும்மினால் போதும். ஐந்தே நிமிடத்தில் முதல் மாடியில், "மாத்திரை போட்டாச்சா?" என்று விசாரிப்பார்கள்.

அம்மாவின் வேலை, புதுப்புதுப் பொருள்களை வடிவமைப்பது. வீட்டின் பின்னறைதான் அவருடைய பட்டறை. அங்கே இரண்டு வருடமாக உருவானதுதான் பெட்டித் தோட்டம்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அவர்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர்தான் தெரியும். வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. அம்மா ஆசையாக வைத்த புதினா மூன்று முறை வாடிப்போனது. மூன்றாவது முறை அம்மா காலித் தொட்டியைப் பார்த்து, "இருட்டு வீட்டுல இருக்கறவங்க எல்லாம் கீரை வளக்கவே கூடாதா?" என்று கேட்டார். அன்றே பென்சிலைக் கையில் எடுத்துவிட்டார்.

பெட்டி பார்க்க ஒரு சின்னப் புத்தக அலமாரி மாதிரி இருக்கும். முன்பக்கம் திறப்பு. மேல் பலகையில் வரிசையாகக் குட்டி விளக்குகள். காலை ஆறு மணிக்குத் தானாக எரிந்து, இரவு எட்டு மணிக்குத் தானாக அணையும். நடுவில் ஆறு தொட்டி. அடியில் தண்ணீர்த் தட்டு. ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு பருத்தித் திரி தண்ணீருக்குள் தொங்கும். மண்ணுக்குத் தாகம் எடுத்தால் திரி வழியாக அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

ஒரு கம்பெனி அந்தப் பெட்டியைச் செய்து தர முன்வந்திருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. செடி வளர்த்துப் பழக்கமில்லாத மூன்று வீடுகளில் ஆறு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். செடி எப்படி இருக்கிறது என்று அந்த வீட்டார் வாரா வாரம் ஒரு நோட்டில் எழுத வேண்டும். அப்புறம் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வந்து பார்ப்பார். மூன்று வீட்டிலும் கீரை வளர்ந்திருந்தால் தொழிற்சாலையில் பெட்டி தயாராகும். இல்லாவிட்டால், இரண்டு வருட உழைப்பும் பின்னறையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

மேடம் வரப்போவது அடுத்த வெள்ளிக்கிழமை. இன்று சனிக்கிழமை.

"தந்தி, இந்தா மூணு கிண்ணம்," என்றார் அம்மா. "மூணு வீட்டுக்கும் போய் ஆளுக்கு ஒரு கைப்பிடி இலை பறிச்சிட்டு வா. அவங்க வர்றதுக்கு முன்னாடி நாம ருசி பாத்துடலாம்."

தந்தி கிண்ணங்களை வாங்கிக்கொண்டு பறந்தாள்.

முதலில் இரண்டாம் மாடி. தையல் அத்தையின் வீட்டில் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இலை வேண்டும் என்றதும் சட்டென்று நின்றது.

"இலையா? இப்பவேவா?" என்றார் அத்தை. "நீ இங்கயே நில்லு. உள்ள வராத. வீடெல்லாம் ஊசி கிடக்கு. நானே எடுத்துட்டு வரேன்."

உள்ளே பை சரசரத்தது. குழாய்த் தண்ணீர் ஓடியது. அத்தை வெளியே வந்து கிண்ணத்தை நீட்டினார். பச்சைப் பசேல் என்று கொத்தமல்லி.

தந்தி அதைத் தூக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"அத்தை..."

"என்னடா கண்ணு?"

"நம்ம பெட்டியில கொத்தமல்லி ரப்பர் பேண்டோடயா முளைக்குது?"

அத்தை கிண்ணத்தைப் பார்த்தார். தண்டுகளைச் சுற்றி ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட், கடைக்காரர் போட்டபடியே இறுக்கமாக இருந்தது. அத்தைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் முகம் வாடிவிட்டது.

"வா, காட்டறேன்," என்று தந்தியைக் குளியலறைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே வாளிக்குப் பக்கத்தில் பெட்டித் தோட்டம் நின்றது. தொட்டி மண் சேறாகியிருந்தது. செடி இருந்த இடத்தில் கறுத்துப்போன தண்டுகள். அழுகல் வாசனை மூக்கைத் துளைத்தது.

"ரெண்டு வாரம் நல்லாதான் வந்துச்சு. அப்புறம் எல்லாம் போச்சு. என் கைதான் சரியில்ல போல."

"ஏன் அத்தை நோட்டுல எழுதல?"

"எப்படி எழுதறது? வந்து இந்த மிதியப் பாரு." அத்தை முன்னறைக்கு வந்து தையல் மெஷினைக் காட்டினார். மிதிக்கு அடியில் வழவழவென்று இழைத்த ஒரு மரக்கட்டை. "முட்டி வலியில மெஷினையே வித்துடலாம்னு இருந்தேன். உங்கம்மாதான் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து இதை உயர்த்திக் கொடுத்தாங்க. அவங்க செஞ்ச பெட்டிய அழுகிப்போச்சுன்னு எழுதினா, நான் நன்றி கெட்டவ இல்லையா?"

தந்தி அந்தக் கட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அதோட, நீயும்தான் சொன்னியே!" என்றார் அத்தை. "'அம்மா ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டு செஞ்சது. தயவுசெஞ்சு நல்லதா எழுதுங்க அத்தை'ன்னு. மறந்துட்டியா?"

தந்தி மறக்கவில்லை. மூன்று வீட்டிலும் பெட்டியைக் கொடுக்கும்போது அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அம்மாவுக்குச் செய்யும் உதவி என்று நினைத்துத்தான் சொன்னாள். அதனால்தான் இன்று காலை அவளுக்கு வாயே திறக்கவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிடாத, கண்ணு," என்றார் அத்தை.

மூன்றாம் மாடியில் நர்ஸ் அக்கா கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார். கையை மட்டும் வெளியே நீட்டி, கிண்ணத்தில் எதையோ போட்டுவிட்டு, "அம்மாவை ரொம்பக் கேட்டேன்னு சொல்லு," என்று மூடிக்கொண்டார். கிண்ணத்தில் இருந்தது நாலு இலை. நாலும் வெளிறிப்போய், நூல் மாதிரி நீண்டிருந்தன.

முதல் மாடியில் பஸ் டிரைவர் மாமா கதவை அகலமாகத்தான் திறந்தார். ஆனால் கிண்ணத்தைப் பார்த்ததும் இரண்டு அடி பின்வாங்கினார்.

"பறிக்கறதா? இன்னிக்கு வேண்டாம் தந்தி. அதுங்க பாவம்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வேண்டாம்," என்றார் மாமா அவசரமாக.

முதல் மாடியிலிருந்து நான்காம் மாடிக்கு ஐம்பத்து நான்கு படிகள். வழக்கமாகத் தந்தி அவற்றை ஒரே மூச்சில் ஏறுவாள். அன்று ஒவ்வொரு படியிலும் நின்றாள். நாளைக்குச் சொன்னால் என்ன? வெள்ளிக்கிழமை வரை சொல்லாமலே இருந்தால் என்ன? வெள்ளிக்கிழமை அந்த மேடம் வந்து குளியலறைக் கதவைத் திறந்தால் என்ன ஆகும்? அதை நினைத்ததும், மிச்சப் படிகளைக் கொஞ்சம் வேகமாக ஏறினாள். அவள் சுமந்ததிலேயே மெதுவாகப் போய்ச் சேர்ந்த செய்தி அதுதான்.

அம்மா பின்னறையில், தான் முதலில் செய்த பெட்டிக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தார். தந்தி கிண்ணங்களைத் தரையில் வைத்தாள். ஒன்றில் கடைக் கொத்தமல்லி. ஒன்றில் நாலு நூல் இலை. ஒன்று காலி.

"அம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்," என்றாள். அதற்கப்புறம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். ரப்பர் பேண்டையும் விடவில்லை.

அம்மா தூரிகையைக் கீழே வைத்தார். கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரம் தந்திக்கு ஒரு கணக்குப் பரீட்சையைவிட நீளமாக இருந்தது.

"அஞ்சு வாரம் போச்சே," என்றார் அம்மா கடைசியில். "குறை தெரிஞ்சிருந்தா முதல் வாரமே சரி பண்ணியிருப்பேன். நீ எனக்கு உதவி பண்றதா நெனச்சு என் கண்ணைக் கட்டிட்டியேடா."

தந்தியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"அழாத. வந்து சொன்னியே, அது போதும்," என்று அம்மா அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "இன்னும் ஆறு நாள் இருக்கு. வா, போய் என்னன்னு கேப்போம்."

இருவரும் கீழே போனார்கள். ஆனால் அம்மாவை நேரில் பார்த்ததும் எல்லோரும் பழியைத் தங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டார்கள்.

"பெட்டி தங்கமான பெட்டி. எனக்குத்தான் செடி வளக்கத் தெரியல," என்றார் தையல் அத்தை.

"அய்யோ, உங்க மேல என்ன தப்பு? என் வேலை நேரம் அப்படி," என்றார் நர்ஸ் அக்கா. அவர் வீட்டில் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்த மின்விசிறியைச் சத்தமில்லாமல் சுழல வைத்தவர் அம்மாதான்.

"சே சே! குறையா? உங்க பெட்டியிலயா?" என்றார் டிரைவர் மாமா. அவர் பஸ்ஸில் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் மெத்தை, அம்மா அளவெடுத்துச் செய்து கொடுத்தது.

மாடி ஏறும்போது அம்மா பெருமூச்சு விட்டார். "இவங்க நல்லவங்களா இருக்கறதுதான் இப்போ பிரச்சினையே. என் முகத்தைப் பாத்துட்டு யாரும் உண்மையச் சொல்ல மாட்டாங்க."

தந்தி அதையே யோசித்தாள். சாப்பிடும்போது யோசித்தாள். பல் தேய்க்கும்போதும் யோசித்தாள். முகத்தைப் பார்த்தால்தானே சொல்ல மாட்டார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு புது நோட்டை எடுத்து, அட்டையில் கொட்டை எழுத்தில் 'திட்டு நோட்டு' என்று எழுதினாள். முதல் பக்கத்தில் இப்படி எழுதினாள்:

'இந்த நோட்டில் பெட்டியைத் திட்டி மட்டும்தான் எழுத வேண்டும். பாராட்டி எழுதினால் ரப்பரால் அழிக்கப்படும். உங்கள் மேல் தப்பு என்று எழுதினாலும் அழிக்கப்படும். பென்சில் கட்டியிருக்கிறது.'

யாராவது தொடங்கி வைக்க வேண்டுமே? அவளே முதல் திட்டை எழுதினாள். 'இந்தப் பெட்டியின் முனையில் தினமும் என் கால் சுண்டுவிரல் இடிக்கிறது. பெட்டிக்கு எதற்கு இவ்வளவு கூர்மை? இது என்ன கத்தியா? — தந்தி.'

எழுதி முடித்ததும் மனசு லேசானது. திட்டுவதில் இவ்வளவு சுகம் இருக்கிறதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு தையல் அத்தையிடம் போனாள்.

"அத்தை, நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. நல்லா எழுத வேண்டாம். திட்டுங்க. நான் வெளியில நிக்கறேன். நீங்க கூப்பிட்டப்புறம்தான் வருவேன்."

"திட்டறதா? உங்கம்மாவையா?"

"அம்மாவ இல்ல. பெட்டிய. பெட்டிக்குக் காதா இருக்கு, கோவிச்சுக்க?"

அத்தை பென்சிலை எடுத்தார். முதலில், 'பெட்டி அழகாகத்தான் இருக்கிறது' என்று எழுதினார். தந்தி உள்ளே வந்து அதை அழித்துவிட்டு மறுபடி வெளியே போனாள். அத்தை சிரித்துக்கொண்டே மீண்டும் குனிந்தார். இந்தமுறை பென்சில் நிற்கவே இல்லை. ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் திரும்பும் சத்தம் வாசல் வரை கேட்டது.

மற்ற இரண்டு வீட்டிலும் அதே கதைதான். டிரைவர் மாமா பென்சிலைக் கூராக்கித் தரச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார்.

வீடு திரும்பியதும் அப்பாவிடம் நீட்டினாள். அப்பா, 'குறை இல்லை' என்று எழுதினார். தந்தி அழித்தாள். 'குறையே இல்லை' என்று எழுதினார். தந்தி அதையும் அழித்தாள். அப்பா பென்சிலைக் கடித்தபடி வெகுநேரம் பின்னறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு வரி எழுதி, நோட்டை மூடிக் கொடுத்தார்.

அம்மா நோட்டைக் கையில் வாங்கியபோது தந்தி அவர் முகத்தையே பார்த்தாள். கோபம் வருமோ? அழுகை வருமோ?

அம்மா வாய்விட்டுப் படித்தார்.

'இரவு முழுக்க மருத்துவமனையில் வேலை. பகலில்தான் எனக்குத் தூக்கம். இந்தப் பெட்டி பகல் முழுக்க எரிகிறது. இருப்பதோ ஒரே அறை. கண்ணை மூடினாலும் இமைக்குள் வெளிச்சம். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் போர்வையைப் போட்டுப் பெட்டியை மூடிவிட்டேன். அன்றிலிருந்து நானும் தூங்குகிறேன், செடியும் தூங்குகிறது. — நர்ஸ்.'

'தண்ணீர் அளவு பார்க்கும் கண்ணாடியைப் பெட்டியின் முதுகில், அதுவும் அடியில் வைத்த புத்திசாலி யார்? குனிந்தால் எனக்கு நிமிர முடியாது. அதனால் குத்துமதிப்பாக ஊற்றினேன். தினமும் ஊற்றினேன். தரையெல்லாம் ஓடி, ஒருவர் தைக்கக் கொடுத்த சட்டை நனைந்தது. கோபத்தில்தான் குளியலறையில் தள்ளினேன். — தையல்.'

'பஸ் ஓட்டினால் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். நிறுத்தம் இருக்கிறது. இந்தப் பெட்டியில் நிறுத்தமே இல்லை. எந்த இலையை, எப்போது, எந்த இடத்தில் வெட்டுவது? யாருமே சொல்லவில்லை. அதனால் நானும் வெட்டவில்லை. செடி வளர்ந்து விளக்கை முட்டிப் பூத்தே விட்டது. இப்போது வெட்ட மனசும் வரவில்லை. ஒரு செடிக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன். — டிரைவர்.'

அம்மாவின் தோள் குலுங்கியது. தந்தி பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார்.

"'அந்தப் புத்திசாலி யார்'னு கேட்டிருக்காங்க பாரு! நான்தான் அது!"

கடைசி வரியை மட்டும் அம்மா வாய்விட்டுப் படிக்கவில்லை. அது அப்பா எழுதியது. 'பெட்டி பின்னறையில் இருக்கிறது. அதனால் நீயும் எப்போதும் பின்னறையிலேயே இருக்கிறாய்.' அம்மா அதை இரண்டு தடவை படித்தார். அன்று மதியம் பின்னறைக்குப் போகாமல் அப்பாவோடு சேர்ந்து பாத்திரம் தேய்த்தார்.

திங்கட்கிழமை காலை அம்மா கம்பெனி மேடத்துக்கு ஃபோன் செய்தார். ஒளிக்காமல் உள்ளதைச் சொன்னார். "மூணு வீட்டுலயும் பெட்டி தோத்துப்போச்சு மேடம். காரணமும் தெரிஞ்சுடுச்சு. எல்லாரும் ஒரு நோட்டுல திட்டி எழுதியிருக்காங்க. இன்னும் கொஞ்ச நாள் வேணும்."

அந்தப் பக்கம் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. "நான் வெள்ளிக்கிழமை வர்றேன். அந்த நோட்டை எடுத்து வைங்க," என்றது குரல். அது நல்ல குரலா, கோபக் குரலா என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த வாரம் பின்னறை அமர்க்களப்பட்டது. இந்தமுறை அம்மா தனியாக இல்லை. விளக்கின் நேரத்தை மாற்றும் திருகு பெட்டிக்கு உள்ளே, ஆணி அடித்த பலகைக்குப் பின்னால் இருந்தது. அம்மா அதை வெளியே கொண்டுவந்தார். இனி நர்ஸ் அக்கா வேலைக்குப் போகும்போது விளக்கு எரியும். அவர் தூங்கும்போது அணையும். செடிக்கு இரவு பகல் எல்லாம் விளக்கு சொல்வதுதானே?

தண்ணீர் அளவுக்கு வழி சொன்னது டிரைவர் மாமா. "பஸ்ல டீசல் முள்ளு என் கண்ணு முன்னாடிதான் இருக்கும். அதைப் பாக்க நான் பஸ்ஸுக்கு அடியில போய்ப் படுக்கறதில்ல." அம்மா ஒரு தக்கையில் சிவப்புக் குச்சியைச் சொருகித் தண்ணீரில் மிதக்க விட்டார். தண்ணீர் ஏறினால் பெட்டிக்கு முன்னால் குச்சியும் ஏறும். தையல் அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டு, "இதுதான் பேச்சு!" என்றார்.

டிரைவர் மாமாவின் குறையை யார் தீர்ப்பது என்று தெரியவில்லை. ஒரு நாள் முழுக்க அம்மாவுக்கே பிடிபடவில்லை. தையல் அத்தை தன் பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து, பெட்டியின் உள்பக்கச் சுவரில் குறுக்காக இரண்டு கோடு போட்டார். "துணி வெட்டறதுக்கும் இப்படித்தான். மேல் கோடு வரைக்கும் வளந்தா, கீழ் கோட்டுல வெட்டு. மிச்சம் மறுபடி வளரும். இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா?"

"மறுபடி வளருமா?" என்றார் மாமா. அவர் முகம் மலர்ந்துவிட்டது. வெட்டினால் செடி செத்துவிடும் என்றுதான் அவர் இவ்வளவு நாளும் பயந்திருந்தார்.

தந்தியின் சுண்டுவிரலுக்காக அம்மா முனைகளை உருட்டி இழைத்தார். இழைக்கும் பொறுப்பில் பாதி தந்திக்கு.

வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி. சிரிக்காத முகம். முதலில் மூன்று பழைய நோட்டுகளையும் பார்த்தார். ஒரே நிமிடத்தில் ஓரமாக வைத்தார். அப்புறம் திட்டு நோட்டைத் திறந்தார். 'இது என்ன கத்தியா?' என்ற இடத்தில் அவர் உதடு லேசாக அசைந்தது. 'செடியும் தூங்குகிறது' என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இதை எழுத வெச்சது யாரு?"

அம்மா தந்தியைக் காட்டினார்.

"'நன்றாக இருக்கிறது'ன்னு எழுதின நோட்டு என் ஆபீஸ்ல ஒரு அலமாரி நிறைய இருக்கு," என்றார் மேடம். "அந்தப் பொருளை எல்லாம் வாங்கினவங்க பரண்ல தூக்கிப் போட்டுட்டாங்க. எதனாலன்னு எங்களுக்கு யாரும் சொல்லல. திட்டு நோட்டை இன்னிக்குத்தான் பாக்கறேன்." அம்மாவைப் பார்த்தார். "இன்னும் ஆறு வாரம் தரேன். ஆனா அப்போ கிண்ணம் நிறைஞ்சிருக்கணும்."

அழுகின, வெளிறின செடிகளை எடுத்துவிட்டுப் புது விதை போட்டார்கள். அந்த ஆறு வாரமும் திட்டு நோட்டு மாடிக்கு மாடி ஏறி இறங்கியது. 'குச்சி இரண்டு நாளாகச் சிக்கிக்கொள்கிறது.' 'திருகு இறுக்கமாக இருக்கிறது.' 'சுண்ணக்கோடு அழிந்துவிட்டது.' ஒவ்வொன்றையும் அம்மா அன்றன்றே சரி செய்தார். ஐந்தாம் வாரம் தையல் அத்தை பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "திட்ட ஒண்ணும் கிடைக்கலையே," என்று வருத்தப்பட்டார்.

ஆறாம் வாரம் தந்தி மறுபடியும் மூன்று கிண்ணத்தோடு இறங்கினாள். அத்தை வீட்டுக் கொத்தமல்லியில் ரப்பர் பேண்ட் இல்லை. நர்ஸ் அக்கா கதவை அகலத் திறந்து, கை கொள்ளாமல் கீரை பறித்துத் தந்தார். டிரைவர் மாமா கத்தரியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கீழ்க்கோட்டில் நறுக்கென்று வெட்டினார். பிறகு செடியைத் தட்டிக்கொடுத்து, "ரெண்டு வாரத்துல பாக்கலாம்," என்றார்.

அன்று மதியம் நான்காம் மாடியில் எல்லோருக்கும் சாப்பாடு. மேடமும் வந்திருந்தார். மூன்று கிண்ணத்து இலைகளும் ஒரே தட்டில் குவிந்திருந்தன. மேடம் ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். "தொழிற்சாலைக்குச் சொல்லிடறேன்," என்று மூன்றாவது வாய்க்குத் தட்டை நீட்டினார்.

அம்மா எழுந்து நின்றார். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"உங்களுக்கெல்லாம் நான் ஏதோ செஞ்சேன்னு சொல்வீங்க. ஒரு கட்டை, ஒரு மெத்தை, அவ்வளவுதான். நீங்க எனக்குச் செஞ்சதுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. ரொம்ப நன்றி. அவ்வளவு நல்லாத் திட்டினீங்க."

"இன்னும் வேணுமா?" என்றார் தையல் அத்தை. "உப்பு கொஞ்சம் கம்மி!"

சமைத்தது அப்பா. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாதான் அதிகமாகச் சிரித்தார்.

நான்கு மாதம் கழித்துத் தொழிற்சாலையிலிருந்து முதல் பெட்டி வீட்டுக்கு வந்தது. முனைகள் வழவழவென்று இருந்தன. முன்னால் சிவப்புக் குச்சி. உள்ளே அழியாத இரண்டு கோடு. தண்ணீர்த் தட்டுக்கு மேலே, பிளாஸ்டிக் உறையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. நுனியில் நூல் கட்டிய பென்சில்.

"இது எல்லாப் பெட்டியிலயும் வரும்," என்றார் அம்மா. "பிரிச்சுப் பாரு."

அட்டையில் அச்சு எழுத்தில் 'திட்டு நோட்டு' என்று இருந்தது. முதல் பக்கத்தில் தந்தி எழுதிய அதே விதிகள். அதற்குக் கீழே நாலு வரி.

'இந்தப் பெட்டியைத் திட்டித் திட்டி நல்ல பெட்டியாக்கிய நர்ஸ் அக்காவுக்கும், தையல் அத்தைக்கும், டிரைவர் மாமாவுக்கும் நன்றி. தப்பைத் தானே வந்து சொல்லி, இந்த நோட்டையும் கண்டுபிடித்த என் தந்திக்கு, எல்லோரையும்விட அதிகமாக நன்றி.'

தந்தி அதைப் படித்தாள். அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். முகத்தை அம்மாவின் தோளிலேயே துடைத்துக்கொண்டாள். பிறகு நோட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

அந்தச் செய்தி முதல் மாடிவரை போய்ச் சேர இரண்டே நிமிடம்தான் ஆனது.